படம் எடுக்கச் செலவில்லை, வைத்திருக்கத்தான் செலவு

பால், பேப்பர், கரண்ட் பில், கேஸ், செல்போன் ரீசார்ஜ் என்று மாதக் கணக்கு எழுதும் பழக்கம் இன்னும் விடாதவர்களுக்குத் தெரியும், கடந்த சில வருடங்களில் அந்த நோட்டில் ஒரு புது வரி சேர்ந்திருக்கிறது. போட்டோ வாடகை. இது நான் வைத்த பெயர். "உங்கள் இடம் நிரம்பிவிட்டது" என்று போன் திரையில் அடிக்கடி வந்து நிற்குமே, அதற்குக் கட்டும் பணம்தான்.

கூகுளில் 15 ஜிபி வரை இலவசம். அதில் போட்டோ மட்டுமல்ல, நமக்கு வருகிற ஈமெயிலும் சேர்த்தி. முன்பு சற்றே தரம் குறைத்த படங்களை எத்தனை வேண்டுமானாலும் சும்மா வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். 2021 ஜூன் 1ஆம் தேதியோடு அது நின்றது. அதற்குள் உலகம் முழுக்க எல்லோருக்கும் பழகிவிட்டது. 100 ஜிபி வேண்டுமென்றால் மாதம் 130 ரூபாய், வருடமாகக் கட்டினால் 1300 ரூபாய் என்று நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"ஒரு மசால் தோசை விலைதானேப்பா" என்றான் மகன். வாஸ்தவம். ஆனால் தோசையைச் சாப்பிட்டால் தீர்ந்தது. இது உயிருள்ளவரை மாதாமாதம் சாப்பிட வேண்டிய தோசை. நடுவில் போதும் என்று எழுந்திருக்க முடியாது.

நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. நம் படங்கள் மேகத்தில் இருப்பதாகச் சொல்கிறார்களே தவிர, உண்மையில் எங்கோ ஒரு கட்டடத்தில், இரவும் பகலும் ஓடுகிற கம்ப்யூட்டர்களில்தான் இருக்கின்றன. அதற்குக் கரண்ட் வேண்டும், சூடாகாமல் இருக்க ஏசி வேண்டும். யாராவது காசு கொடுக்கத்தான் வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. நம் காலத்தில் படம் எடுக்கத்தான் செலவு. எடுத்த பிறகு பீரோவில் சும்மா கிடக்கும். இப்போது எடுக்கச் செலவே இல்லை, வைத்திருக்கத்தான் செலவு. இந்த மாற்றத்தை நம் வயதுக்காரர்கள் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பழைய கணக்கைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன். முதலில் என் கைக்கு வந்தது அக்ஃபா கிளிக் 3. கறுப்புப் பெட்டி மாதிரி இருக்கும். உங்களில் பல பேர் வீட்டில் இருந்திருக்கும். 120 ரோல் போட்டால் 12 படம். வெளியே வெயிலா மேகமா என்று பார்த்து ஒரு நெம்புகோலைத் தள்ளுவதோடு நம் வேலை முடிந்தது. பின்பக்கம் சிவப்புக் கண்ணாடி ஜன்னலில் நம்பர் தெரியும்வரை ரோலைச் சுற்ற வேண்டும். ரோலும் பெரும்பாலும் நம் ஊர் சரக்கு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல் போட்டார்களே, அது. குளிரும் தூசில்லாத காற்றும் வேண்டும் என்று தேடி அந்த மலையில் கொண்டுபோய் வைத்த தொழிற்சாலை. இப்போது மூடிக் கிடக்கிறது.

பிறகு 35 எம்எம், கலர், 36 படம். எண்பதுகளின் நடுவில் ஒரு கலர் ரோல் வாங்கி, கழுவி, 36 பிரிண்டும் போட்டால் எனக்கு நாலைந்து நாள் சம்பளம் போய்விடும். அதனால் வருடத்துக்கு ஒரு ரோல். பொங்கலுக்கு இரண்டு, பிள்ளையின் பிறந்த நாளுக்கு மூன்று, ஊருக்குப் போனால் ஐந்து என்று பிரித்துப் பிரித்து எடுப்போம். மீதி இரண்டு படத்துக்காக மூன்று மாதம் ரோல் கேமராவுக்குள்ளேயே கிடக்கும். "அசையாதே, அசையாதே" என்று கத்தின கத்தலில் எங்கள் வீட்டுப் படங்களில் எல்லோரும் பரீட்சை எழுதுகிற முகத்தோடுதான் இருக்கிறார்கள்.

அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட மாட்டேன். என் பாட்டிக்கு, அம்மாவின் அம்மா, ஒரே ஒரு படம்கூடக் கிடையாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்ற நம்பிக்கை ஒரு பக்கம்; ஸ்டூடியோவுக்குப் போய்வர ஆகும் செலவு இன்னொரு பக்கம். 80 வயதுவரை இருந்தாள். எனக்கு அவள் குரல் ஞாபகம் இருக்கிறது, காதில் தண்டட்டி ஞாபகம் இருக்கிறது, முகம் வருடத்துக்கு வருடம் கலங்கிக்கொண்டே போகிறது. என் பேத்திக்கு இப்போது ஆறு வயது. அவள் பிறந்த முதல் மாதத்தில் எடுத்த படங்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். பாட்டிக்கு ஒன்று, பேத்திக்கு ஐந்நூறு என்று பங்கிட்டிருக்கலாம். விஞ்ஞானம் அப்படி வருவதில்லை.

நமக்குக் கிடைத்த அந்தக் கொஞ்சப் படங்கள் எப்படி நின்றன என்பது யோசிக்க வேண்டிய விஷயம். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது மை அல்ல, வெள்ளி. ஃபிலிமிலும் தாளிலும் ஜெலட்டினில் கலந்து பூசியிருப்பது வெள்ளி உப்புத் துகள்கள். வெளிச்சம் பட்ட துகள், டெவலப்பரில் போட்டால் வெள்ளி உலோகமாக மாறிக் கறுப்பாகத் தெரியும். வெளிச்சம் படாததை ஹைப்போ கரைத்துவிடும். அதன் பிறகுதான் முக்கியமான வேலை: அந்த ஹைப்போ முழுக்கப் போகும்வரை ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். கொஞ்சம் தங்கினாலும் அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைப் பிடித்துக்கொண்டு நாளடைவில் படம் பழுப்பாகிவிடும். பூஜை அறையில் வெள்ளி விளக்கு கறுக்கிறதே, அதே ரசாயனம்தான்.

என் அப்பா அம்மா கல்யாணப் படம் 1948இல் எடுத்தது. இன்றைக்கும் அம்மாவின் புடவைக் கரை எண்ணிப் பார்க்கலாம் போல இருக்கிறது. அந்த ஸ்டூடியோக்காரர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தது என்பது என் ஊகம். அவசரத்துக்கு எடுத்து அரை மணியில் கையில் கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் படங்கள் பலவும் அந்தக் காலத்திலேயே மஞ்சளாகிவிட்டன.

கலர் வந்த பிறகு கதை மாறியது. கலர் தாளில் வெள்ளி கிடையாது, கழுவும்போதே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது மூன்று சாயம். அந்தக் காலத்துத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம்தான் மூன்றில் நோஞ்சான். ஆல்பத்தை இருட்டில் மூடி வைத்திருந்தாலும் அது வெளுக்கும். என் தங்கை கல்யாணம் 1982இல். ஊரில் முதல் முழுக் கலர் ஆல்பம் என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்று அதைத் திறந்தால் மணமகன், மணமகள், புரோகிதர், வாழை மரம் எல்லாமே குங்குமத்தில் புரட்டி எடுத்தது போல இருக்கிறது. அதற்கு 34 வருடம் முந்தைய படம் பளிச்சென்று இருக்கிறது. புதியது என்றால் நீண்ட நாள் நிற்கும் என்று நினைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. போட்டோவில் மட்டுமல்ல, மிக்ஸியிலும் அப்படித்தான்.

டிஜிட்டல் கேமராவை முதலில் செய்து பார்த்தது ஃபிலிம் விற்றே பிழைத்த கோடாக் கம்பெனிதான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1975இல் அங்கே வேலை பார்த்த ஸ்டீவன் சாசன் என்ற இளம் இஞ்சினியர் செய்தார். கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோ எடை. ஒரு படம் கேசட்டில் பதிவாக 23 வினாடி. நாம் பாட்டுக் கேட்போமே, அந்த மாதிரி டேப் கேசட்தான். படத்தில் மொத்தம் பத்தாயிரம் புள்ளிகள். மேலதிகாரிகள் உற்சாகம் காட்டவில்லை. 2012 ஜனவரியில் கோடாக் திவால் நோட்டீஸ் கொடுத்தது.

அந்தப் பத்தாயிரம் புள்ளி இன்று இருபது கோடிப் புள்ளியாகிவிட்டது. கடைக்குப் போனால் "சார், இது 200 மெகாபிக்சல் சார்" என்று அந்தப் பையன் ஏதோ 200 பவுன் நகை காட்டுவது போலக் காட்டுகிறான். இதைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடலாம். ஸ்டூடியோவில் மேக்ஸி சைஸ் என்கிறார்களே, 4க்கு 6 அங்குலம், அதற்கு நல்ல தரம் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி. 4க்கு 1200, 6க்கு 1800. பெருக்கினால் 21 லட்சத்து 60 ஆயிரம். அதாவது இரண்டு மெகாபிக்சலும் கொஞ்சமும். சுவரில் மாட்டுகிற 8க்கு 12 அங்குலப் படத்துக்கு ஒன்பது மெகாபிக்சல்கூட முழுதாக வேண்டாம். வீட்டில் 4கே டிவியில் போட்டுப் பார்த்தாலும் அந்தத் திரையிலேயே மொத்தம் 83 லட்சம் புள்ளிதான் இருக்கிறது. மீதியை அது எங்கே காட்டும்? அந்த 200 மெகாபிக்சல் கேமராவே சாதாரணமாகப் படம் எடுக்கும்போது 16 புள்ளியைச் சேர்த்து ஒன்றாக்கி, பன்னிரண்டரை மெகாபிக்சல் படம்தான் தருகிறது. சின்னப் புள்ளிக்கு வெளிச்சம் போதாது என்பதால்.

ஆகவே பழைய போன் ஓடுகிறவரை ஓடட்டும். படம் மங்கலாக வருகிறது என்று சொல்கிறவர்கள் முதலில் போனின் பின்பக்கக் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். சட்டைப் பையில் இருந்த விபூதி, கையில் இருந்த எண்ணெய் எல்லாம் அதில்தான் இருக்கும். சுத்தமான வேட்டி முனை போதும். பத்துப் பேரில் ஆறு பேருக்கு அதுவே இருபதாயிரம் ரூபாய் மிச்சம்.

வீடியோ விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. ஒரு படம் மூன்று நான்கு எம்பி என்றால், 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட நூறு படத்தின் இடத்தைத் தின்னும். கல்யாண வீட்டில் தாலி கட்டுவதை எடுக்கிறேன் என்று கையைத் தூக்கிக்கொண்டு இருபது நிமிடம் நிற்கிறோமே, அத்தனையும் அட்சதை போடுகிறவர்களின் முதுகு. அதற்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம். அதே போல வாட்சப்பில் வரும் காலை வணக்கம், ரோஜாப்பூ, பிள்ளையார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அழித்ததில் எனக்கு நாலு ஜிபி திரும்பக் கிடைத்தது. அனுப்பிய நண்பர்கள் இதைப் படித்தால் மன்னிக்கவும், படங்களை ரசித்த பிறகுதான் அழித்தேன்.

"அப்புறம் எதுக்குப்பா வாடகை? பென் டிரைவ்ல போட்டு வச்சுக்கலாமே" என்று சிலர் கேட்கலாம். பென் டிரைவ், மெமரி கார்டு இதெல்லாம் படத்தை மின்சாரத் துளிகளாக, மிக மிகச் சின்ன ஜாடிகளில் அடைத்து வைத்திருக்கும் ஏற்பாடு. ஊறுகாய் ஜாடி மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வருடக்கணக்கில் கொஞ்சம் காற்று போகும் இல்லையா, அது போல அந்த மின்சாரமும் கசியும். செருகாமலேயே பல வருடம் டிராயரில் போட்டுவிட்டால் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டு இருக்கிறது. சுழல்வது எதுவும் ஒரு நாள் நிற்கும். சிடி இருக்கிறது, ஆனால் போட்டுப் பார்க்க இன்று யார் வீட்டில் டிரைவ் இருக்கிறது? என் பீரோவில் இருக்கும் நெகடிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அப்பா தெரிகிறார். சிடியை எந்த வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலும் நம் முகம்தான் தெரியும்.

இதை எழுதக் காரணமே என் நண்பர் ஒருவர். என்னோடு வேலை பார்த்தவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். போன வருடம் ஒரு விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். போட்டோ என்றால் அவருக்கு உயிர். ராமேஸ்வரம், காசி, மகள் வீட்டுப் பால்கனியில் வந்து உட்காரும் புறா என்று எதையும் விடமாட்டார். எல்லாம் போனில். வாடகை கட்ட மனமில்லாமல், இடம் நிரம்பியதும் மேலே ஏற்றுவதை நிறுத்தி வைத்திருந்தார். போனுக்கு ஆறு இலக்க எண் போட்டுப் பூட்டியிருந்தார். அது யாருக்கும் தெரியாது. எல்லோர் பிறந்த நாளையும் போட்டுப் பார்த்தார்கள். கல்யாண நாளைப் போட்டார்கள். தப்பாகப் போடப் போட, அடுத்து முயற்சி செய்ய அது காத்திருக்கச் சொல்லும் நேரம் நீண்டுகொண்டே போனது. இரண்டு மூன்று சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனார்கள். உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் போனைத் திறக்கலாம், அழிக்காமல் முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். இப்போதைய போன்களில் உள்ளே இருக்கும் எல்லாமே சங்கேதமாக மாற்றித்தான் பதிவாகிறது. அதை அவிழ்க்கும் சாவி அந்த எண்ணோடு பின்னிக் கிடக்கிறது. திருடனுக்குத் திறக்கக் கூடாது என்று செய்த பூட்டு. பெண்டாட்டிக்கும் திறக்காது.

பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். யாரோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அவர் தோளில் ஒரு கை இருந்தது. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் அந்தக் கையை அழித்தார். அழித்த இடத்தில் சட்டைக் கோடு சேரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். பத்தாயிரக்கணக்கில் படம் எடுத்த மனிதர் வீட்டுக் கூடத்தில் இப்போது அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. அவர் எடுப்பாரே தவிர, அவரை யாரும் எடுத்ததில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அவர் மனைவி அந்தப் போனை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். பட்டனை அமுக்கினால் பூட்டிய திரையில் பேரன் சிரிக்கிறான். அதற்கு மேல் போகாது. "உள்ள எல்லாம் இருக்கு அண்ணா, எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கலை" என்றார். நான் என்ன பதில் சொல்வது?

மேலே ஏற்றி வைத்தவர்களுக்கும் ஒரு விஷயம் தெரிய வேண்டும். இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பது அவர்கள் விதி. 2023 டிசம்பர் முதல் அமலில் இருக்கிறது. நாம் போன பிறகு யார் போய்த் தொடப் போகிறார்கள்? இதற்கு அவர்களே ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். கூகுள் கணக்கின் அமைப்புகளில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று இருக்கும். கணக்கு எத்தனை மாதம் சும்மா கிடந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், எதை அவர்களிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைக்கலாம். பத்துப் பேர் வரை போடலாம். குறைந்தது மூன்று மாதம், அதிகம் போனால் 18 மாதம். ஆப்பிள் போன் வைத்திருப்பவர்களுக்கு 'லெகசி கான்டாக்ட்' என்று இதே மாதிரி ஒன்று. வங்கிக் கணக்குக்கு நாமினி போடுகிறோம், பி.எஃப்புக்குப் போட்டோம், கேஸ் கனெக்ஷனுக்கும் யார் பெயர் என்று யோசிக்கிறோம். இதற்கும் நாமினி போடுங்கள். பேரன் பேத்தி யாராவது வந்தால் பத்து நிமிட வேலை.

ஆக, வாடகை கட்டாதே என்று நான் சொல்லவில்லை. கட்டுகிறேன். மகன் ஒரு வித்தை காட்டினான்: என் அம்மாவின் முகத்தைத் தொட்டால், பழைய படங்களை ஸ்கேன் செய்து ஏற்றியதில் அவள் இருக்கும் படங்களையெல்லாம் அதுவே பொறுக்கி வரிசையாகக் காட்டுகிறது. முப்பது வயது முகமும் எழுபது வயது முகமும் ஒருத்திதான் என்று அதற்குத் தெரிகிறது. எனக்கே ஒரு படத்தில் அது சித்தியோ என்று சந்தேகம் இருந்தது, அது சந்தேகப்படவில்லை. அதற்கு 130 ரூபாய் கொடுக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு மொட்டை மாடிகளில் மெத்தை, சர்டிபிகேட், ஆல்பம் எல்லாம் காய்ந்தன. ஆல்பத்தை அப்படியே வெயிலில் வைத்தவர்களுக்கு எல்லாம் ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. ஜெலட்டின் ஈரத்தில் பசையாகும், காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் ஓர் ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி டீச்சர் மட்டும் ஆல்பத்தைக் காயவிடாமல் நல்ல தண்ணீர் நிறைந்த அண்டாவில் போட்டு, படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சேறு போக அலசி, துணிக் கொடியில் கிளிப் போட்டு நிழலில் தொங்கவிட்டார். முக்கால்வாசி பிழைத்தது. ஈரப் படத்தைக் காயவிடக் கூடாது, ஈரமாக இருக்கும்போதே பிரிக்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டோம். பிழைக்காததற்கு வேறு வழி கிடைத்தது. "நம்ம கல்யாணப் படம் உங்ககிட்ட ஒரு காப்பி இருக்கா?" என்று மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போன் போட்டார்கள். இருந்தது. அந்தக் காலத்தில் நெகடிவ் போட்டால் சம்பந்தி வீட்டுக்கு ஒன்று, அத்தை வீட்டுக்கு ஒன்று, மாமா வீட்டுக்கு ஒன்று என்று காப்பி போட்டுக் கொடுப்பது மரியாதை. அந்த மரியாதைதான் இங்கே பல குடும்பங்களின் படங்களைக் காப்பாற்றியது.

அதனால் நான் மூன்று வருடமாக ஒன்று செய்கிறேன். வருடத்துக்கு ஒரு ரோல். அதாவது 36 படம். போனில் எத்தனை ஆயிரம் இருந்தாலும் அந்த வருடத்துக்கு 36ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். ஒரு விசேஷத்துக்கு மூன்றுக்கு மேல் கிடையாது. வெறும் மலை, அருவி, சூரிய அஸ்தமனம் கிடையாது, முகம் இருக்க வேண்டும். சமையலறை, திண்ணை, மாடிப்படி மாதிரி வீட்டின் ஓர் இடம் கட்டாயம் ஒரு படத்தில் வர வேண்டும். பழைய படங்களில் நான் இன்று உற்றுப் பார்ப்பது முகத்துக்கு அடுத்தபடி பின்னால் தெரியும் மர பீரோவையும் பிலிப்ஸ் ரேடியோவையும்தான். பிரிண்ட் ஒன்று 15 ரூபாய் வாங்குகிறார் எங்கள் ஸ்டூடியோக்காரர். 36க்கு 540 ரூபாய். இரண்டு செட் போடுகிறேன், 1080. ஒன்று இங்கே, ஒன்று பெங்களூரில் மகள் வீட்டில். ஒரே வீட்டில் இரண்டு செட் இருந்து பிரயோஜனம் இல்லை, வெள்ளம் இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்துப் போகும்.

பிரிண்ட் போடுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வாட்சப்பில் வந்த படத்தைக் கொடுக்காதீர்கள்; அனுப்பும்போதே அதைச் சுருக்கிவிடுகிறது, எடுத்த தேதி விவரத்தையும் கழற்றிவிடுகிறது. எடுத்தவரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுப் பிரிண்டரில் எடுத்தது பல சமயம் தண்ணீர் பட்டால் மை கரையும். லேப் பிரிண்ட் கேளுங்கள். பழைய பசை ஆல்பம், பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டுவோமே, அந்தப் பசை படத்துக்கு எமன். உங்களிடம் இருந்தால் வலுக்கட்டாயமாகப் பிய்க்காமல் மெல்லிய நூலை அடியில் விட்டு மெதுவாக எடுத்துப் பாருங்கள்.

படத்தின் பின்னால் எழுத வேண்டும். இதை நம் வயதுக்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும். பீரோவில் இருக்கும் குரூப் போட்டோவில் இரண்டாவது வரிசையில் தலைப்பாகையோடு நிற்பவர் யார் என்று சொல்ல இன்று உலகத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறோம், நானும் திருநெல்வேலியில் ஒரு சித்தப்பாவும். அவருக்கு 88. எந்தக் கம்ப்யூட்டருக்கும் அந்தப் பெயர் தெரியாது. இரண்டு முகமும் ஒன்று என்று அது கண்டுபிடிக்கும், அவர் என் அப்பாவின் படிப்புக்கு நிலத்தை விற்றவர் என்று அதற்கு யார் சொல்வது? பழைய தாளாக இருந்தால் மெதுவான பென்சில், அழுத்தாமல். இப்போதைய தாளில் பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, பென்சில் பிடிக்காது. சிடி மேல் எழுதும் மார்க்கர் வாங்கி எழுதி, நன்றாகக் காய்ந்த பிறகு அடுக்குங்கள். பால் பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் கோடு தள்ளும். 'நான்', 'அப்பா', 'தாத்தா' என்று எழுதாதீர்கள். யாருடைய தாத்தா என்று முப்பது வருடம் கழித்து யாருக்குத் தெரியும்? முழுப் பெயர், ஊர், வருடம்.

கடைசியாக, போன் பூட்டும் எண். ஒரு தாளில் எழுதி, எல்ஐசி பாலிசி வைத்திருக்கும் ஃபைலில் போட்டு மனைவியிடம் காட்டியிருக்கிறேன். எண்ணை மாற்றினால் தாளையும் மாற்றுவது என் பொறுப்பு. பணம் அனுப்பும் யூபிஐ எண்ணை அந்தத் தாளில் எழுதவில்லை, நீங்களும் எழுதாதீர்கள். அது வேறு விவகாரம். ஒரு விசேஷத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருமகளிடம் போனைக் கொடுத்து என்னைத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னேன். நல்ல சட்டை, யார் கையும் தோளில் இல்லாமல். "எதுக்கு மாமா?" என்றாள். சும்மாதான் என்றேன். அதையும் சேர்த்து இந்த வருட ரோலில் 29 ஆகிவிட்டது. மீதி ஏழை மார்கழிவரை விட்டு வைத்திருக்கிறேன்.